வன்னியில் சைக்கிள் ஓட்டம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பரந்தன் சந்தியில் தேத்தண்ணி குடிக்க நிற்கும்போதும், இரணைமடுக் கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு இளைப்பாறும்போதும், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும்கூட யாராவது வந்து கேட்பார்கள். கேட்பவர் மாறுவார், கேள்வி பெரும்பாலும் மாறாது. அந்தக் கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் போட்டிக்கு ஓடுகிறவன் இல்லை. கிளிநொச்சியில் வேலைக்குப் போய், வீடு வாசலைப் பார்த்து, மிஞ்சுகிற நேரத்தில் ஓடுகிறவன். ஒரு நாளில் எனக்கு மிகவும் பிடித்த நேரமும் அதுதான்.

வேலைக்கு, கடைக்கு எண்டு நாள் முழுக்க ஓடுறம் தானே. அதுக்கு மேலை என்ன பயிற்சி?

அந்த ஓட்டமும் பயிற்சிதான், குறைவாக நினைக்க வேண்டாம். வேலைக்குப் போக 8, வர 8 கிலோமீற்றர் ஓடுகிற ஒருவருக்கு ஐந்து நாளில் 80 கிலோமீற்றர் சேர்ந்துவிடுகிறது. விலை கூடிய சைக்கிள் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளிக்கிடுகிறவரைவிட அந்தக் கால் பலமானது. வயலுக்குப் போய்வருகிற ஐயாமார் எதிர்காற்றில் தோளைத் தாழ்த்தி, ஒரே சீராக உழக்குவதைப் பார்த்தே நான் நிறையப் படித்திருக்கிறேன்.

வித்தியாசம் ஒன்று உண்டு. வேலைக்குப் போகும்போது மனம் போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே நிற்கும். ஒரு அலுவலும் இல்லாமல் ஓடும்போதுதான் ரோட்டைப் பார்ப்போம், வாய்க்கால் தண்ணீரின் சத்தத்தைக் கேட்போம், பாலை பழுக்கிற காலத்தில் காட்டோரம் வரும் வாசத்தைப் பிடிப்போம். அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் கேட்கிறேன்.

அண்ணை, என்னட்டை பழைய லுமாலாச் சைக்கிள் தான் இருக்கு. கியர் சைக்கிள் வாங்காமல் தொடங்கலாமோ?

தொடங்கலாம். அதிலேயே தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். வன்னியில் மலை இல்லை. வவுனியாவில் இருந்து வடக்கே வர நிலம் மெல்ல மெல்லத் தாழ்கிறது, அவ்வளவுதான். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிக்கோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை வைத்தார். அந்தச் சைக்கிளுக்கு ஒரே ஒரு கியர், உடல் இரும்பு. விசேடமாக இலேசாகச் செய்த சைக்கிள், ஓடியதும் வழுவழுப்பான ஓடுபாதையில். ஆனாலும் கியர் இல்லாததால் உங்களுக்கு ஓட்டம் வராது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

காசைச் செலவழிப்பது என்றால் முதலில் நல்ல இரண்டு ரயருக்கும் பிரேக் கட்டைக்கும் செலவழியுங்கள். பிறகு சில்லுகளையும் பெடல் அச்சையும் கழற்றி, கழுவி, புதிய கிறீஸ் போடச் சொல்லுங்கள். பழைய சைக்கிள் பாரமாக ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்த கிறீஸும் காற்றுக் குறைந்த ரயரும்தான்.

கியர் சைக்கிள் கட்டாயம் வேண்டும் என்றால் பாவித்ததைத் தேடுங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது விலை பல மடங்கு ஏறியும் சனம் சைக்கிள் வாங்கியது. அப்போது வாங்கியவற்றில் பல இன்றைக்கு வீட்டுப் பின்விறாந்தையில் சாத்திக் கிடக்கின்றன. வாங்குமுன் பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், சில்லைச் சுழற்றி பிரேக் கட்டைகளுக்கு நடுவே நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஹாண்டிலுக்குப் பின்னால் குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ற் வெடித்தோ வீங்கியோ இருந்தால் அந்தச் சைக்கிள் எங்கோ மோதியிருக்கிறது. விட்டுவிடுங்கள்.

சீற் எவ்வளவு உயரத்திலை இருக்கோணும்? ரெண்டு காலும் நிலத்திலை முட்டோணும் தானே?

முட்டத் தேவையில்லை. வன்னியில் நான் பார்க்கும் சைக்கிள்களில் அரைவாசிக்கு மேல் சீற் பதிந்தே இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுபோங்கள். அப்போது கால் முழுதாக நீண்டு நிற்க வேண்டும். பிறகு வழமைபோல முன்பாதத்தால் உழக்கினால் முழங்கால் சற்றே மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். இறங்கும்போது சீற்றை விட்டு முன்னால் நழுவி இறங்கப் பழகுங்கள்.

முழங்காலின் முன்பக்கம் நோகிறது என்றால் பெரும்பாலும் சீற் பதிவு. பின்பக்கம் நோகிறது, இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது என்றால் உயரம் கூடிவிட்டது. ஒரே நாளில் இரண்டு அங்குலம் ஏற்றாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சின்னவிரல் பக்கம் கை விறைத்தால் ஹாண்டிலில் உடம்பைச் சாய்த்துத் தாங்குகிறீர்கள் என்று அர்த்தம். முழங்கையை மடித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள்.

எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது? இந்த வெயிலுக்கை ஏலுமோ?

விடியப்புறம். அதற்கு மாற்று இல்லை. சித்திரையில் இருந்து புரட்டாசி வரை பகல் 34, 35 பாகையைத் தாண்டும் நாட்கள் நிறைய. வெளிச்சம் வர ஓடத் தொடங்கி, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். காலை நேரம் கிடைக்காதவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போகலாம், ஆனால் இருட்டுமுன் திரும்புகிற தூரம் மட்டும்.

உடம்பு வெயிலுக்குப் பழக ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து லீவுக்கு வந்து, இரண்டாம் நாளே 60 கிலோமீற்றர் ஓட வெளிக்கிடும் தம்பிமாருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வெயிலில் மயிர் கூச்செறிவது, குளிருவது போல இருப்பது, தலை சுற்றுவது, பேச்சுக் குழறுவது, இதில் ஒன்று வந்தாலும் இறங்கி நிழலுக்குப் போங்கள். தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றுங்கள். தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான், மிச்ச ஓட்டத்தை இன்னொரு நாள் ஓடலாம்.

முதல் மாதம் எவ்வளவு ஓடோணும்?

கிழமையில் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம். தூரத்தைக் கணக்கெடுக்க வேண்டாம். இரண்டாம் மாதத்தில் ஞாயிறு ஓட்டத்தை மட்டும் நீட்டுங்கள். கிழமைக்குக் கிழமை பத்து வீதத்துக்கு மேல் கூட்டாமல் விட்டால் முழங்காலும் முதுகும் முறைப்பாடு சொல்லாது. நான்காவது கிழமை கொஞ்சம் குறைத்து ஓடுங்கள்.

இவ்வளவு ஆறுதலா ஓடினால் எப்பிடிப் பலம் வரும்? வியர்த்துக் கொட்ட ஓடினால் தானே பயிற்சி?

இதில்தான் எனக்கும் கேட்பவர்களுக்கும் அதிகம் வாக்குவாதம் வரும். நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு ஓட்டத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் வருகிறவரோடு கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகத்தில்தான் இருக்க வேண்டும். அந்த வேகத்தில் உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகுகிறது, தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. எல்லாம் மாதக் கணக்கில் நடக்கிற வேலை. தினமும் மூச்சு வாங்க ஓடினால் களைப்பு மட்டும் சேர்ந்து, மூன்றாம் கிழமை சைக்கிளைத் தொடவே மனம் வராது.

வேகமாக ஓடுவதற்கும் நாள் உண்டு. அது கிழமையில் ஒன்று, கூடினால் இரண்டு. எப்படி என்பதை வேகத்தைப் பற்றிய கேள்வியில் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று: பாரமாக உழக்காதீர்கள். கியர் உள்ள சைக்கிள் என்றால் நிமிடத்துக்கு 80 தொடக்கம் 90 சுற்று வருமாறு இலேசான கியரில் வையுங்கள். முதல் சில நாள் கால் வீணாகச் சுற்றுவது போல இருக்கும், பிறகு அதுவே பழகிவிடும்.

என்ன சாப்பிடுறது? கடையிலை விக்கிற சக்திப் பானம் வேணுமோ?

வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீர் காணும். போகுமுன் ஒரு பிளேன்ரீயும் ஒரு வாழைப்பழமும் எடுத்தால் நல்லது. அதற்கு மேல் ஓடினால் மணிக்கு 30 தொடக்கம் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பனங்கட்டி கிட்டத்தட்ட முழுக்கச் சீனிதான், இரண்டு துண்டைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பசித்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிடும். முதல் முக்கால் மணியிலேயே தொடங்கி, அரை மணிக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லீற்றரில் இருந்து முக்கால் லீற்றர், வெயிலில் இன்னும் கொஞ்சம். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். ஒரு போத்தலில் தண்ணீர், மற்றதில் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி, இதுதான் என் வழக்கம். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) பக்கெற் ஒன்றும் பையில் கிடக்கட்டும். பூநகரிப் பக்கம் போகிறவர்கள் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கே பல கிணறுகள் உவர். ஓடி முடிந்து வீட்டுக்கு வந்தால் புட்டும் சம்பலும் முட்டையும். அதைவிட நல்ல சாப்பாட்டை எந்தக் கடையும் விற்பதில்லை.

போகேக்கை பறக்கிறன், வரேக்கை சாகிறன். காத்தை என்ன செய்யிறது?

காற்றைப் படிக்க வேண்டும். வைகாசி பிறந்தால் சோளகம் தென்மேற்கில் இருந்து வீசும், புரட்டாசி வரை விடாது. மார்கழி, தையில் வாடை வடகிழக்கில் இருந்து வரும். இரண்டு காலத்திலும் விடியப்புறம் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறப் பலக்கும். ஆகவே வெளிக்கிடும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளட்டும். சோளகக் காலத்தில் கிளிநொச்சியில் இருந்து தெற்கே முறிகண்டி, மாங்குளம் பக்கம் போய் வருவது அதற்காகத்தான். ஆனையிறவு வெளியும் பூநகரி வயல்வெளியும் சங்குப்பிட்டிப் பாலமும் ஒரு மரம்கூட மறிக்காத இடங்கள். மாங்குளம் – ஒட்டுசுட்டான் ரோட்டில் காடு காற்றை மறிக்கும்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்று மறிக்கும் விசை நான்கு மடங்காகும். எதிர்காற்றில் வழமையான வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பது வீண் சண்டை. குனிந்து, முழங்கையை மடித்து, வேகத்தை மறந்து, கால் சுற்றுவதை மட்டும் ஒரே சீராக வைத்திருங்கள். இரண்டு பேர் என்றால் ஒருவர் பின்னால் ஒருவர் போங்கள். பின்னால் வருகிறவருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னுக்கு மாறிக்கொள்ளுங்கள். பக்கக் காற்றில் பெரிய லொறி கடக்கும்போது மட்டும் கவனம்: லொறி காற்றை ஒரு கணம் மறித்துவிட்டுப் போன உடனே சைக்கிள் திடீரென இழுபடும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக, ஆனால் இரண்டு கையாலும் பிடியுங்கள்.

கிழமைக்கு ஒருக்கால் காத்துப் போகுது. ரயர் சரியில்லையோ?

ரயராகவும் இருக்கலாம், ஆனால் முதலில் முள்ளைத் தேடுங்கள். கிரவல் ஒழுங்கை ஓரம் படரும் நெருஞ்சிதான் இங்கே பெரிய எதிரி. அந்த முள் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்க்கும். ஒட்டுப் போட்ட பிறகும் திரும்பத் திரும்பக் காற்றுப் போவது, ஒடிந்த முள்ளின் நுனி ரயருக்குள்ளேயே இருப்பதால்தான்.

ரியூப்பைக் கழற்றியதும் ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ரயரின் உள்பக்கம் முழுக்க ஆறுதலாகத் தடவிக்கொண்டு போங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்ளிலும் பஞ்சின் நூல் மாட்டி நிற்கும். விரலால் தடவினால் விரல் கிழியும், கண்ணாடித் துண்டும் இருக்கும். முள்ளை நகவெட்டியால் வெளியே இழுங்கள், உள்ளே தள்ள வேண்டாம். ஓட்டையைச் சுற்றி உரசி, சொலூசன் பூசி, அது காய்ந்து பளபளப்புப் போகும் வரை பொறுத்திருந்து ஒட்டுத் துண்டை வையுங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் வெயில் சூட்டில் கழன்றுவிடும்.

காற்று எவ்வளவு என்பது ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும். ஒடுக்கமான ரேஸ் ரயருக்கு 80, 90 பிஎஸ்ஐ வரை தேவைப்படும், அகலமான மலைச் சைக்கிள் ரயருக்கு அதில் பாதிகூட வேண்டாம். 20 கிலோமீற்றருக்கு மேல் போகிறவர் பையில் ஒரு ரியூப், ஒட்டுச் சாமான், கைப் பம்ப், ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, சில்லு நட்டுக்குப் பொருந்தும் சாவி ஆகியவை இருக்க வேண்டும். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் உள்ள காட்டில் சைக்கிள் கடை கிடையாது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமோ?

போடாதீர்கள். அது பிசுபிசுவென்று ஒட்டி, நம்முடைய செம்மண் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்னுக்குச் சுற்றித் துடையுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொட்டு மெசின் எண்ணெய், பிறகு வெளியே தெரியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கணுவுக்கு உள்ளே. ஆனையிறவுப் பக்கம் ஓடிவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்புக் காற்று இரும்பை விடாது.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அறிய பள்ளிக்கூட அடிமட்டம் போதும். புதுச் செயினில் ஒரு ஆணியின் நடுவில் இருந்து 24 ஆணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலமும் பதினாறில் ஒன்றுமாக நீண்டிருந்தால் மாற்றுகிற நேரம். பிந்தினால் பற்சில்லையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

ஏ9 ரோட்டிலை பஸ்ஸும் டிப்பரும் பறக்குது. அதிலை ஓடுறது விசர் வேலை இல்லையோ?

நேரம் பார்த்து ஓடினால் ஓடலாம். இரவிலும் நடுச்சாமத்துக்குப் பிறகும் ஏ9இல் சைக்கிளில் போவதை நான் விரும்புவதில்லை. நீண்ட நேர் ரோட்டில் சாரதிமாருக்குக் கண் சொருகும். இருட்டில் பின் லைற் இல்லாத உழவு இயந்திரமும் ரோட்டின் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடும் உங்களுக்கும் தெரியாது. விடியலில் ஓடினாலும் பின்னால் சிவப்பு லைற், முன்னால் வெள்ளை லைற், வெளிர் நிறச் சட்டை, ஹெல்மெட், இவை நான்கும் வேண்டும்.

வெள்ளைக் கோட்டை ஒட்டியே ஓடாதீர்கள். ஒரு முழம் உள்ளே ஓடினால் பஸ் வரும்போது விலக உங்களுக்கு இடம் இருக்கும். காபெட் ரோட்டில் இருந்து கிரவலுக்கு இறங்கும் விளிம்பு சில இடங்களில் உயரம், வேகத்தில் இறங்கினால் முன்சில்லு வழுக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற வேண்டாம், அது ஒரு குடும்பத்தின் உழைப்பு, சில்லுக்கும் வழுக்கும்.

யானை நிண்டால்?

நிற்க வேண்டியது நீங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டு ரோட்டுகளில் விடியலிலும் பொழுதுபட்ட பிறகும் யானை கடக்கும். புதுச் சாணமும் முறிந்த கொப்பும் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்று, மணி அடிக்காமல், லைற் அடிக்காமல், சத்தமில்லாமல் திரும்புங்கள். குட்டி நின்றால் தாய் மற்றப் பக்கத்தில் நிற்கும், இடையில் போகவே கூடாது. பஸ்ஸோ லொறியோ வரும் வரை காத்திருந்து அதன் பிறகு போவதுதான் ஊர்ச் சனம் செய்வது. நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

காட்டுக்குள்ளை போற குறுக்குப் பாதையள் வடிவா இருக்கு. இறங்கி ஓடலாமோ?

சனம் நாளாந்தம் பாவிக்கும் பாதை என்றால் மட்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புக் கம்பு, மஞ்சள் நாடா கண்ட இடத்தில் ஒரு அடியும் உள்ளே வைக்க வேண்டாம், சிறுநீர் கழிக்கக்கூட. போர் முடிந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. பலகை விழுந்தும் இருக்கலாம், ஆகவே புதிய பாதை என்றால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். ஏதாவது இரும்புத் துண்டு வித்தியாசமாகத் தெரிந்தால் தொடாமல் வந்த வழியே திரும்பி, பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள்.

பொம்பிளைப் பிள்ளை தனியா விடியப்புறம் ஓடினால் சனம் என்ன சொல்லும், அண்ணை?

தங்கச்சி, இந்த ஊரில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓடாத நாள் எது? வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போவது, ரியூசனுக்குப் போவது, ரீச்சர்மார் ஊர் ஊராகப் போய்ப் படிப்பிப்பது, எல்லாம் சைக்கிளில்தான். தேவைக்கு ஓடும்போது ஒன்றும் சொல்லாத சனம் விருப்பத்துக்கு ஓடும்போது கதைக்கிறது என்றால், அந்தக் கதைக்கு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் பார்ப்பார்கள், பிறகு நீங்கள் வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

பாதுகாப்பு வேறு விஷயம், அதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். இரண்டு பேராகத் தொடங்குங்கள். சனநடமாட்டம் உள்ள ரோட்டைப் பிடியுங்கள். எந்த வழியால் போய் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள், போனைக் கையோடு கொண்டுபோங்கள். தோளில் போடும் துப்பட்டாவைக் கட்டாயம் கழற்றி வைத்துவிட்டு ஓடுங்கள். அது பின்சில்லில் சுற்றினால் கழுத்தோடு இழுத்து விழுத்தும். சீற் நோகிறது என்று பல தங்கச்சிமார் சொல்வார்கள். முன்நுனியை ஒரு துளி தாழ்த்தி, கொஞ்சம் அகலமான சீற் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

எனக்கு 52 வயசு, சீனி வருத்தம். இனித் தொடங்கினால் சரி வருமோ?

சரி வரும், ஐயா. கிளினிக்கில் டொக்டரிடம் ஒருக்கால் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஓடும்போது தசை இரத்தத்தில் உள்ள சீனியை எடுத்துப் பாவிப்பதால் அளவு குறையும். அது நல்லது, ஆனால் இன்சுலின் போடுகிறவருக்கும் சில மாத்திரை எடுக்கிறவருக்கும் அளவுக்கு மிஞ்சியும் குறையலாம். கை நடுங்குவது, வியர்ப்பது, கண் மங்குவது என்றால் உடனே நின்று, சீனியோ பனங்கட்டியோ வாயில் போடுங்கள். வெறுவயிற்றில் ஓட வேண்டாம், தனியாகத் தூரம் போகவும் வேண்டாம். செருப்புக்குப் பதிலாகச் சப்பாத்து போடுங்கள், வந்ததும் பாதத்தைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு இறுகினால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது, நேரே ஆஸ்பத்திரிக்கு. அளவு முதல் மாதத்துக்குச் சொன்னதில் பாதி.

சண்டைக் காலத்திலை உழக்கி உழக்கிக் களைச்ச சனம் நாங்கள். இப்ப ஏன் தம்பி ஒரு அலுவலும் இல்லாமல் ஓடுறீர்?

இதைக் கேட்டவர் விசுவமடுப் பக்கத்து ஐயா ஒருவர். இந்தக் கேள்விக்கு முன்னால் நான் எப்போதும் தலை குனிகிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத வன்னியைச் சைக்கிள்தான் சுமந்தது. விறகு, நெல், நோயாளி, பிரசவத்துக்குப் போன தாய், எல்லாம் கரியரில். 1995இல் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும், 2008, 2009இல் கிழக்கே போனவர்களும் சைக்கிளில் கட்டிய மூட்டையோடுதான் போனார்கள். பலர் அந்தச் சைக்கிளையும் வழியில் விட்டார்கள். நான் இன்று ஓடுகிற பரந்தன் – முல்லைத்தீவு ரோட்டு அதே ரோட்டுத்தான்.

ஐயாவுக்கு நான் சொன்னது இதுதான்: நீங்கள் துரத்தப்பட்டு ஓடிய ரோட்டில், யாரும் துரத்தாமல், நினைத்த இடத்தில் நின்று, நினைத்த நேரம் திரும்பி வரக் கிடைத்திருப்பதை நான் சும்மா விட விரும்பவில்லை. அலுவல் இல்லாமல் ஓட முடிவதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் கிழமையில் அந்த ரோட்டில் நான் பயிற்சி செய்வதில்லை. போனால் இறங்கி நிற்கவும், கொடுக்கும் கஞ்சியை வாங்கிக் குடிக்கவும் போவேன்.

மலை இல்லாத ஊரிலை எப்பிடி வேகம் கூட்டுறது?

மலைக்குப் பதில் காற்று. கிழமையில் ஒரு நாள், 20 நிமிடம் ஆறுதலாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, எதிர்காற்றில் ஐந்து நிமிடம் பலமாக ஓடுங்கள். இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்க முடியாத அளவு, ஆனால் ஐந்தாவது நிமிடத்திலும் அதே வேகம் நிற்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் ஆறுதல். இதை நான்கு முறை. முதல் முறையே வெறி கொண்டு ஓடி நான்காவதில் தொங்குகிறவர்தான் அதிகம். மறுநாள் ஓய்வு, அல்லது கதைக்கும் வேகம். ஆறு கிழமையில் வித்தியாசம் தெரியும். சரியாக நித்திரை கொள்ளாதவருக்கு எந்தப் பயிற்சியும் ஒட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு சுற்றி ஒரே நாளிலை வர ஏலுமோ? 200 கிலோமீற்றர் ஓடுறவையும் இருக்கினமாமே?

ஏலும். 70 கிலோமீற்றரைக் களைப்பில்லாமல் ஓடத் தொடங்கிய பிறகு இந்தச் சுற்றை நினைக்கலாம். மொத்தம் 130க்கும் 140க்கும் இடையில் வரும். காலை ஐந்து மணிக்குப் பரந்தனில் லைற்றோடு வெளிக்கிட்டு முதலில் தெற்கே போங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்கு எல்லா வாகனமும் நிற்கும், நீங்களும் நின்று கும்பிட்டு, கச்சான் ஒரு சரை வாங்கிப் பையில் போடுங்கள். மாங்குளத்தில் திரும்பும்போது நன்றாக விடிந்திருக்கும், ஆகவே ஒட்டுசுட்டான் காட்டை வெளிச்சத்தில் கடக்கலாம். சோளகம் என்றால் அந்த 49 கிலோமீற்றரும் காற்று பின்னால். வாடை என்றால் எதிரே, ஆனால் காடு மறிக்கும். ஒட்டுசுட்டானில் இருந்து முள்ளியவளை, தண்ணீரூற்று வழியாக முல்லைத்தீவு. அங்கே நிழலில் அரை மணி இருந்து வடிவாகச் சாப்பிடுங்கள். வட்டுவாகலில் பழைய பாலம் ஒடுக்கம், வாகனம் வந்தால் இறங்கி வழி விடுங்கள். அதன் பிறகு புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம். இந்தப் பகுதி வெயிலில்தான் வரும், ஆகவே இரண்டு போத்தலும் புதுக்குடியிருப்பில் நிரம்ப வேண்டும்.

200 என்பதும் கனவு இல்லை. உலகம் முழுக்க நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் வைத்திருக்கும் அளவுகோலில் 200 கிலோமீற்றருக்குக் கொடுக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. அது போட்டி அல்ல, நேரத்துக்குள் வந்தால் போதும். பிரான்ஸில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ் – பிறெஸ்ற் – பாரிஸ் ஓட்டமும் அப்படித்தான், 1200 கிலோமீற்றர், 90 மணி. நம்முடைய சுற்றோடு பரந்தனில் இருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் போய்வருவதையும் சேர்த்தால் 200க்குக் கிட்ட வரும். மாசி, பங்குனி நல்ல மாதங்கள்: மழை விட்டிருக்கும், வாடை தணிந்திருக்கும், சோளகம் பிறந்திருக்காது. யாராவது வெளிக்கிடுகிறீர்கள் என்றால் ஒரு கிழமை முன்னரே சொல்லுங்கள், பரந்தனில் இருந்து நானும் வருகிறேன்.